மூர்கேட்டில் நிற்காத இரயில்

1975ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள், வெள்ளிக்கிழமை. லண்டன் மாநகரில் வேலைக்குச் செல்வோர் நிலத்தடி இரயில்களில் நெருக்கியடித்துக்கொண்டு பயணம் செய்யும் காலை நேரம். மூர்கேட் நிலையத்தின் 9ஆம் மேடையில் சிலர் நின்றுகொண்டிருந்தனர். காலை மணி 8.46. சுரங்கத்திலிருந்து ஓர் இரயில் வெளிப்பட்டது. அது அந்தத் தடத்தின் கடைசி நிலையம். அங்கு வரும் ஒவ்வோர் இரயிலும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நுழைந்து, மேடையோரம் நின்றாக வேண்டும். அந்த இரயில் மட்டும் வேகத்தைக் குறைக்கவில்லை. மேடையில் நின்றவர்களின் கண்முன்னே பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பாய்ந்து சென்றன. அடுத்த கணம் பேரோசை எழுந்தது. பிறகு எங்கும் இருளும் புழுதியும்.

லண்டன் நிலத்தடி இரயில் வரலாற்றில், போர் இல்லாத காலத்தில் நேர்ந்த விபத்துகளுள் மிகக் கொடியது இதுவே. 43 பேர் உயிரிழந்தனர். 74 பேர் காயமடைந்தனர். அது நடந்து பல்லாண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும், ‘அந்த இரயில் ஏன் நிற்கவில்லை?’ என்ற வினாவுக்கு இன்றுவரை முழுமையான விடை கிடைக்கவில்லை. விடை கிடைக்காத அந்த வினாதான் உலகெங்கும் இரயில் பாதுகாப்பைப் பற்றிய சிந்தனையை ஆழப்படுத்தியது.

அந்தத் தடமும் அந்த இரயிலும்

விபத்து நடந்த தடம் மிகக் குறுகியது. டிரேய்டன் பார்க், ஹைபரி, எசெக்ஸ் ரோடு, ஓல்ட் ஸ்திரீட், மூர்கேட் என ஐந்தே நிலையங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லச் சில நிமிடங்களே ஆகும். இத்தடம் 1904ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. தரைமேல் ஓடும் பெரிய இரயில்களும் ஒருநாள் இதில் வந்து செல்ல வேண்டும் என்ற நோக்கத்துடன், சுரங்கத்தை ஏறத்தாழ 4.9 மீட்டர் விட்டத்தில் அகலமாகத் தோண்டியிருந்தனர். ஆனால், தரைமேல் ஓடும் அந்த இரயில்கள் நெடுங்காலம் வரவில்லை. பின்னாளில், குறுகிய குழாய்ச் சுரங்கங்களுக்கென்றே செய்யப்பட்ட சிறிய இரயில்கள் அதில் ஓடின. பெரிய சுரங்கத்தில் சிறிய இரயில் ஓடிய இந்த நிலை, பின்னர் விபத்தின் கொடுமையைக் கூட்டியது.

அந்நாளில் இத்தடத்தில் ஓடியவை ‘1938 வகை’ இரயில்கள் எனப்பட்டன. சிவப்பு வண்ணம் பூசப்பட்ட இவை, தம் காலத்தில் ஒரு தொழில்நுட்பச் சாதனையாகக் கருதப்பட்டவை. இவற்றுக்கு முந்தைய குழாய் இரயில்களில், மின்கருவிகளை வைப்பதற்கென ஓட்டுநர் அறைக்குப் பின்னால் ஒரு தனி அறை இருந்தது. அது பயணிகளுக்குரிய இடத்தைப் பெருமளவு விழுங்கியது. 1938 வகை இரயிலை வடிவமைத்த பொறியாளர்கள் கருவிகள் அனைத்தையும் பெட்டியின் தரைக்கு அடியில் பொருத்தினர். இதனால், பெட்டி முழுவதும் பயணிகளுக்குக் கிடைத்தது.

இந்த இரயில்களில் ஒரு பாதுகாப்பு ஏற்பாடும் இருந்தது. ஓட்டுநர் இரயிலைச் செலுத்தும்போது கைப்பிடியை எப்போதும் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அவர் மயங்கி விழுந்தாலோ, இறந்தாலோ கை தளரும்; பிடி மேலெழும்பும்; மின்னோட்டம் நின்று பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். இதை ‘டெட்மேன்’ கைப்பிடி என்று அழைத்தனர். ஓட்டுநருக்கு என்ன நேர்ந்தாலும் இரயில் நின்றுவிடும் என்பது அனைவருடைய நம்பிக்கை.

சில விநாடிகள்

அன்று காலை அந்த இரயில் டிரேய்டன் பார்க்கிலிருந்து சற்றே தாமதமாகப் புறப்பட்டது. ஆறு பெட்டிகளில் ஏறத்தாழ 300 பேர் பயணம் செய்தனர். மூர்கேட்டில் வெளியேறும் வழி மேடையின் முன்முனைக்கு அருகில் இருந்தது. ஆதலால், விரைந்து வெளியேற விரும்பியோர் முதல் இரண்டு பெட்டிகளிலேயே மிகுதியாக ஏறியிருந்தனர். நாள்தோறும் சில நிமிடங்களை மிச்சப்படுத்த அவர்கள் கடைப்பிடித்த வழக்கம் அது.

மேடைக்கு அப்பால் 20 மீட்டர் நீளத்தில் ஒரு முட்டுச் சுரங்கம் இருந்தது. அதன் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. சற்றே மீறி வரும் இரயிலைத் தடுப்பதற்காகத் தண்டவாளத்தின்மேல் மணலைக் குவித்திருந்தனர். அதற்கு அப்பால் ஒரு தடுப்புக் கருவியும் இருந்தது. அதற்கும் அப்பால் இருந்தது சுவர். மெதுவாக வந்து தவறுதலாகச் சில மீட்டர் மீறிச் செல்லும் இரயிலை நிறுத்த இவை போதுமானவை. அன்று வந்த இரயிலின் வேகமோ மணிக்கு ஏறத்தாழ 56 முதல் 64 கிலோமீட்டர்.

மணலும் தடுப்புக் கருவியும் அந்த வேகத்தைத் தாங்கவில்லை. இரயில் சுவரில் மோதியது. ஏறத்தாழ 16 மீட்டர் நீளமுள்ள முதல் பெட்டி 6 மீட்டராகச் சுருங்கியது. சுரங்கம் இரயிலைவிட மிக உயரமாக இருந்ததால், பெட்டிகள் மேல்நோக்கி மடங்குவதற்கு இடம் இருந்தது. முதல் பெட்டியின் முன்பகுதியும் பின்பகுதியும் சுரங்கத்தின் கூரைவரை உயர்ந்தன. இரண்டாம் பெட்டி அதன்மீது மோதி நசுங்கியது. மூன்றாம் பெட்டி இரண்டாம் பெட்டியின் பின்பகுதிமீது ஏறியது. பின்னால் இருந்த மூன்று பெட்டிகளோ பெரிய சேதமின்றித் தண்டவாளத்திலேயே நின்றன. அவற்றில் இருந்தவர்கள் கதவு வழியாக இறங்கி மேடையில் நடந்து வந்தனர். ஒரே இரயிலில் சில பெட்டிகள் தள்ளி அமர்ந்ததுதான் வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட தொலைவாக இருந்தது.

பதின்மூன்று மணி நேரம்

சில நிமிடங்களிலேயே தீயணைப்பு வீரர்களும் மருத்துவ ஊர்தி ஊழியர்களும் காவல் துறையினரும் விரைந்து வந்தனர். மேடையிலிருந்து பார்த்தபோது, சேதமுற்ற பெட்டிகளின் முழு நிலை அவர்களுக்குப் புலப்படவில்லை. முன்பெட்டிகள் முட்டுச் சுரங்கத்துக்குள் மறைந்திருந்தன. உள்ளே ஊர்ந்து சென்ற பிறகே நிலைமையின் கொடுமை விளங்கியது. முறுக்கிய இரும்புக்கும் உடைந்த இருக்கைகளுக்கும் இடையில் உயிருடன் இருந்தவர்களும் இறந்தவர்களும் ஒன்றாகச் சிக்கிக் கிடந்தனர்.

மீட்புப் பணி மிகக் கடினமாக இருந்தது. வழக்கமாக, ஓடும் இரயில்களே சுரங்கத்தின் காற்றைத் தள்ளிப் புதுக்காற்றை வரவழைக்கும். இரயில் சேவை நின்றுவிட்டதால் காற்றோட்டமும் நின்றது. விளக்குகளாலும் வெட்டும் கருவிகளாலும் மனித உடல்களாலும் வெப்பம் ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அது 49 பாகை செல்சியசை எட்டியது. வீரர்கள் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாமல் மாறி மாறி உள்ளே சென்றனர். ஆழத்தில் வானொலிக் கருவிகள் வேலை செய்யவில்லை. ஆகவே, கீழே இருந்தவர்களின் தேவைகளை ஆள்விட்டு ஆள் வாய்மொழியாகவே மேலே சொல்லியனுப்ப வேண்டியிருந்தது. வலி தணிக்கும் ‘என்டோனாக்ஸ்’ வாயு வேண்டும் என்று ஒரு மருத்துவர் சொல்லியனுப்பினார். அச்செய்தி பலர் வாய் கடந்து மேலே சென்றபோது, மருத்துவருக்கு ‘எம்ப்டி பாக்ஸ்’, அதாவது ஒரு காலிப் பெட்டி, வேண்டுமாம் என்று மாறிவிட்டிருந்தது. கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும் இந்நிகழ்ச்சி, பேரிடர் வேளையில் தகவல் தொடர்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பின்னாளில் பலருக்கும் உணர்த்தியது.

செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையிலிருந்து வந்த மருத்துவர்களும் தாதியரும் அந்த இருட்டுக்குள்ளேயே பணியாற்றினர். சிக்கிக் கிடந்தவர்களுக்கு வலி தணிக்கும் மருந்து கொடுத்தனர். கையைப் பிடித்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தனர். கடைசிவரை முதல் பெட்டியில் உயிருடன் சிக்கியிருந்தவர்கள் இருவர். ஒருவர் 19 வயதுடைய இளம் பெண் காவலர். மற்றவர் ஓர் ஆடவர். இருவரும் ஒருவரோடு ஒருவர் நெருக்குண்டு, அசைய முடியாத நிலையில் இருந்தனர். ஒருவரை விடுவித்தால்தான் மற்றவரை மீட்க முடியும் என்ற நிலை. வேறு வழியின்றி, அந்தப் பெண்ணின் ஒரு பாதத்தை அங்கேயே அறுவை செய்து அகற்ற மருத்துவர்கள் முடிவு செய்தனர். இரவு மணி பத்தளவில் இருவரும் மீட்கப்பட்டிருந்தனர். விபத்து நடந்து அப்போது பதின்மூன்று மணி நேரம் கடந்திருந்தது.

அதன்பின், அங்கிருந்த அனைவரும் அமைதி காக்கும்படி கட்டளையிடப்பட்டது. கருவிகள் நின்றன. யாரும் பேசவில்லை. சிதைவுகளை நோக்கி, “யாராவது இருக்கிறீர்களா?” என்று குரல் கொடுத்தனர். பதில் குரல் எதுவும் வரவில்லை. இனி மீட்பதற்கு உயிருள்ளவர் எவருமில்லை என்பது அந்த அமைதியில் தெளிவாயிற்று. இறந்தவர்களை வெளியே கொண்டுவரும் பணி மேலும் பல நாள் நீடித்தது. ஓட்டுநரின் அறை முற்றிலும் நசுங்கியிருந்ததால், அவருடைய உடலை மார்ச் 4ஆம் நாள்தான் மீட்க முடிந்தது.

விடை கிடைக்காத வினா

விபத்தின் காரணத்தைக் கண்டறியும் பொறுப்பு இரயில்வே ஆய்வாளர் இயன் மெக்நாட்டனிடம் ஒப்படைக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல் பழைமையான இரயில் என்பதால், பிரேக் பழுதடைந்திருக்கலாம் என்றே பலரும் முதலில் ஐயுற்றனர். பொறியாளர்கள் சிதைவுகளைப் பகுதி பகுதியாகச் சோதித்தனர். பிரேக், மின்மோட்டார், தண்டவாளம், சமிக்ஞை ஆகிய எதிலும் விபத்துக்குக் காரணமான குறை காணப்படவில்லை. பிரேக் வேலை செய்யாமல் போகவில்லை. அது போடப்படவே இல்லை. ‘டெட்மேன்’ கைப்பிடி இறுதி கணம்வரை அழுத்தப்பட்டிருந்தது.

ஐயம் ஓட்டுநர்மீது திரும்பியது. அவருக்கு வயது 56. லண்டன் போக்குவரத்துத் துறையில் 1969 முதல் பணிபுரிந்தவர். ஓட்டுநராகப் பொறுப்பேற்று நெடுங்காலம் ஆகியிருக்கவில்லை. எனினும், ஒழுங்கும் கவனமும் மிக்கவர் என்று அவரோடு பணியாற்றியவர்கள் கூறினர். அன்று காலையிலேயே அவர் அதே தடத்தில் பலமுறை சென்று திரும்பியிருந்தார். ஒவ்வொரு முறையும் மூர்கேட்டில் சரியாகவே நிறுத்தியிருந்தார். மேடையில் நின்றவர்கள் சிலர் அவரைக் கடைசியாகக் கண்டனர். அவர் நிமிர்ந்து அமர்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், மயங்கியவர்போல் தோன்றவில்லை என்றும் சாட்சியம் அளித்தனர். மோதும் வேளையில் முகத்தை மறைத்துக்கொள்ளக்கூட அவர் கையை உயர்த்தவில்லை.

அப்படியானால், அவர் வேண்டுமென்றே மோதினாரா? அன்று அவர் சட்டைப்பையில் 270 பவுண்டு பணம் இருந்தது. வேலை முடிந்ததும் தம் மகளுக்கு ஒரு கார் வாங்குவதற்காக அதை எடுத்து வந்திருந்தார். காலையில் உடன் பணிபுரிபவர் ஒருவருக்குத் தம்மிடமிருந்த சீனியைப் பகிர்ந்து கொடுத்தபோது, பணி முடிந்து வந்தபின் தமக்கு இன்னொரு கோப்பைத் தேநீருக்கு அது வேண்டும், சிக்கனமாகப் பயன்படுத்து என்று வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். மாலையைப் பற்றித் திட்டமிட்ட மனிதர் அவர்.

நோய் ஏதேனும் தாக்கியதா? உடற்கூறு ஆய்வில் பக்கவாதமோ மாரடைப்போ ஏற்பட்டதற்கான சான்று கிடைக்கவில்லை. இரத்தத்தில் மதுவின் சாயல் காணப்பட்டது. ஆனால், வெப்பத்தில் பல நாள் கிடந்த உடலில் அது இயற்கையாகவே உருவாகக்கூடும் என்று வல்லுநர்கள் விளக்கினர். உடல் அசைவின்றி, மனம் செயலற்று நிற்கும் அரிய வகை மூளைக் கோளாறு ஒன்று சில விநாடி அவரை ஆட்கொண்டிருக்கலாம் என்றும் சிலர் கருதினர். அதனை மெய்ப்பிக்க வழியில்லை. ஏப்ரல் மாதம் நடந்த மரண விசாரணையில், இது தற்செயலாக நேர்ந்த விபத்து என்றே தீர்ப்பளிக்கப்பட்டது. இரயில் நிற்காமல் போனதற்கான காரணத்தை உறுதியாகக் கூற இயலவில்லை என்பதையே மெக்நாட்டனின் அறிக்கையும் ஒப்புக்கொண்டது. சான்று இல்லாத இடத்தில் ஊகத்தை முடிவாக எழுத அவர் உடன்படவில்லை. இறந்துபோன மனிதர் தமக்காக வாதாட முடியாது என்ற நிலையில், அந்த நேர்மை பெரிதும் மதிக்கத்தக்கது.

மனிதனை மட்டும் நம்பாத பாதுகாப்பு

காரணம் தெரியாவிட்டால், மீண்டும் அப்படி நேராமல் தடுப்பது எவ்வாறு? பொறியாளர்கள் வினாவையே மாற்றிக் கேட்டனர். ‘ஓட்டுநர் ஏன் நிறுத்தவில்லை?’ என்பதற்குப் பதிலாக, ‘எக்காரணத்தாலோ ஓட்டுநர் நிறுத்தாவிட்டால் இரயிலை வேறு எது நிறுத்தும்?’ என்று கேட்டனர். மூர்கேட்டில் அதற்கு விடை, ‘எதுவும் இல்லை’ என்பதே. ‘டெட்மேன்’ கைப்பிடி, கை தளர்ந்தால் மட்டுமே இரயிலை நிறுத்தும். உடல் உறைந்து, கை பிடியின்மேல் கனத்துக் கிடந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு மனிதரின் சில விநாடிக் கவனத்தின்மீது முந்நூறு பேரின் உயிர் தங்கியிருந்தது.

இந்தக் குறையைப் போக்க ஓர் எளிய முறை உருவாக்கப்பட்டது. தடம் முடியும் நிலையங்களில், தண்டவாளத்தின் ஓரம் சிறு கைபோன்ற தடுப்புகள் வரிசையாகப் பொருத்தப்பட்டன. இரயில் குறித்த வேகத்துக்குள் வந்தால், அது நெருங்கும்போது தடுப்பு தாழ்ந்து வழிவிடும். மிகை வேகத்தில் வந்தால், தடுப்பு தாழ்வதற்குள் இரயில் அதை அடைந்துவிடும். அப்போது தடுப்பு இரயிலின் அடியிலுள்ள விசையைத் தட்டும்; உடனே அவசர பிரேக் பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் விழித்திருந்தாலும், உறைந்திருந்தாலும், தவறு செய்தாலும் இரயில் நின்றே தீரும். விபத்து நடந்த நிலையத்தின் பெயராலேயே இம்முறை ‘மூர்கேட் கட்டுப்பாடு’ என்று வழங்கப்படுகிறது. ஆழச் சுரங்கங்களில் பேசுவதற்கேற்ற வானொலிக் கருவிகளின் தேவையையும் இவ்விபத்து எடுத்துக்காட்டியது.

நினைவுகள்

விபத்துக்கு மறு ஆண்டில் அத்தடம் பிரிட்டிஷ் ரயில் நிறுவனத்திடம் சென்றது. 1904இல் எண்ணியபடியே பெரிய இரயில்கள் அந்த அகலச் சுரங்கத்தில் ஓடத் தொடங்கின. 1938 வகை இரயில்கள் 1988இல் லண்டனிலிருந்து விடைபெற்றன. அவற்றுள் சில இங்கிலாந்தின் தெற்கிலுள்ள வைட் தீவுக்குச் சென்று, 2021ஆம் ஆண்டின் தொடக்கம்வரை பயணிகளை ஏற்றிச் சென்றன. பழைமையால் குற்றஞ்சாட்டப்பட்ட அந்த இரயில்கள், எண்பது ஆண்டுகளைக் கடந்தும் உழைத்துக் காட்டின.

இறந்தவர்களின் குடும்பத்தார் ஒரு நினைவுச் சின்னத்துக்காக நெடுங்காலம் காத்திருந்தனர். 2013ஆம் ஆண்டில்தான் மூர்கேட்டுக்கு அருகிலுள்ள ஃபின்ஸ்பரி சதுக்கத்தில் நினைவுக்கல் ஒன்று நிறுவப்பட்டது. அக்கல்லில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால், அந்த 43 பேரின் மற்றொரு நினைவுச் சின்னம் யார் கண்ணிலும் படுவதில்லை. தடத்தின் முடிவில் ஓர் இரயில் மெதுவாக நுழைந்து அமைதியாக நிற்கும்போதெல்லாம் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

அருஞ்சொற்பொருள்

முட்டுச் சுரங்கம் – மறுபுறம் வழியின்றி அடைபட்டுள்ள சுரங்கம்
சமிக்ஞை – செல்லவோ நிற்கவோ காட்டப்படும் குறியீடு
உடற்கூறு ஆய்வு – இறப்பின் காரணத்தை அறிய உடலைச் சோதித்தல்
ஊகம் – சான்றின்றிக் கருதுவது
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது

கருத்துணர் வினாக்கள்

1. 1938 வகை இரயில்கள் அவற்றுக்கு முந்தைய இரயில்களிலிருந்து எவ்வாறு வேறுபட்டன?
2. முதல் இரண்டு பெட்டிகளில் பயணிகள் மிகுதியாக இருந்ததற்குக் காரணம் என்ன?
3. சுரங்கத்தின் அகலமும் உயரமும் விபத்தின் கொடுமையை எவ்வாறு கூட்டின?
4. ஓட்டுநர் வேண்டுமென்றே மோதவில்லை என்று கருத இடமளிக்கும் இரண்டு சான்றுகளை எழுதுக.
5. ‘டெட்மேன்’ கைப்பிடியால் தடுக்க முடியாத ஆபத்தை ‘மூர்கேட் கட்டுப்பாடு’ எவ்வாறு தடுக்கிறது? விளக்குக.
6. ‘பொறியாளர்கள் வினாவையே மாற்றிக் கேட்டனர்’ என்னும் தொடரின் பொருளை உம் சொந்தச் சொற்களில் எழுதுக.

குழு நடவடிக்கை

‘ஒரு விபத்து நேர்ந்தால், குற்றவாளியைத் தேடுவதைவிடக் குறையைத் தேடுவதே மேல்.’ இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் கலந்துரையாடுக. பள்ளிச் சூழலில் ஒருவருடைய கவனத்தை மட்டுமே நம்பியுள்ள பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றைக் கண்டறிந்து, அதை மேம்படுத்தும் வழியை 100 சொற்களில் எழுதுக.